ஒட்டுப்போட்ட மௌனம்

ஆள் வராத ஒரு கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்பதற்கு மாநிலப் போக்குவரத்துத் துறை இரண்டு நாற்காலிகளையும், ஒரு மேஜையையும், முறைத்துக்கொண்டிருக்க ஓர் அம்மாளையும் ஒதுக்கியிருந்தது.

"ரெண்டு மணி நேரம் ஓடும். யார் வேணும்னாலும் வந்து கேட்கலாம், அது சட்டம். ஆனா தூங்கக் கூடாது," என்றார் ஆவண அறை அம்மாள்.

"தூங்கினா என்னங்க பண்ணுவீங்க? அதுக்கும் தனியா ஒரு விதி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள் ஹாரன்.

அம்மாள் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஹாரனுக்கும் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்தே ஒரே கலக்கம். கலக்கம் கூடக் கூட அவளுக்கு வாயும் கூடும்; அந்தப் பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். அவளை உதவியாளராக வைத்துக்கொண்டு மாரடிக்கிற துப்பறிவாளருக்குப் பெயர் பிரேக். ஒரு காலத்தில் இதே துறையில் வாகன ஆய்வாளராக இருந்தவர். பிரேக் பிடிக்காத பஸ் ஒன்றை, அது யாருடைய பஸ் என்று விசாரிக்காமல், நடுரோட்டில் நிறுத்திவைத்தார். மறுநாள் பஸ் ஓடியது, அவர் வேலை நின்றது. அதில் அவருக்கு மிஞ்சியது ஒரு பட்டப்பெயரும் ஒரு பழைய காரும்தான்.

அந்தப் பழைய கார் வெளியே மரத்தடியில் நின்றது. பின் சீட்டில் ஹாரனின் அக்கா உட்கார்ந்திருந்தாள். உள்ளே வா என்று எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. நீங்க போயிட்டு வாங்க, எனக்குக் காலெல்லாம் நடுங்குது என்று சொல்லிவிட்டாள்.

நடுங்காமல் என்ன செய்யும்? அக்காவின் வீட்டுக்காரர், ஹாரனுக்கு அத்தான், பள்ளி வேன் ஓட்டுகிறவர். போன வாரம் பள்ளிக்கூட வாசலில் வேனைப் பின்னால் எடுத்தபோது ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று சக்கரத்தில் சிக்கியது. உயிருக்கு ஆபத்தில்லை. கால் தேறுமா என்பதை டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை. அத்தான் லாக்கப்பில் இருக்கிறார். முன்பெல்லாம் வேனில் ஓர் உதவியாள் கட்டாயம் இருக்கவேண்டும். இறங்கிப் பின்னால் போய் நின்று, வேனைத் தட்டி, 'வா, வா, நிறுத்து' என்று சொல்வதே அவருக்கு முக்கிய வேலை. துறை புது விதி ஒன்றைக் கொண்டுவந்தது: சின்ன வேன்களுக்கு உதவியாள் தேவையில்லை, பின்னால் பார்ப்பது முழுக்க முழுக்க டிரைவரின் பொறுப்பு. அந்த ஒரு வரியை வைத்துத்தான் இப்போது அத்தானை மட்டும் தனியாக மாட்டியிருந்தார்கள். நாளைக் காலையில் ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வருகிறது.

அத்தான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அந்த விதி வரைவாக இருந்தபோது துறை நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தான் போனதாகவும், இப்படி ஆகும் என்று எச்சரித்துப் பேசியதாகவும் சொல்கிறார். துறை சொல்வது வேறு. அந்தக் கூட்டத்துக்கு ஓர் ஈ காக்கைகூட வரவில்லையாம்.

"அவர் பேசினதை அழிச்சுட்டாங்கடி. அந்த அழிச்சதை எப்படியாவது கண்டுபிடிச்சுக் கொடு," என்று அக்கா காலையில் ஹாரனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

பிரேக் ஒலிப்பதிவை ஓடவிட்டார். வறண்ட குரல் ஒன்று கேட்டது. "பதிவு தொடங்குகிறது. பள்ளி வேன் உதவியாளர் வரைவு விதி குறித்த கருத்துக் கேட்பு. நேரம் காலை பத்து. பொதுமக்கள் எவரும் இதுவரை வரவில்லை. பன்னிரண்டு மணி வரை காத்திருப்போம்."

"யார் சார் இது? பேசறப்பவே இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு."

"கமா. விதி எழுதுற பிரிவோட அதிகாரி. நாள் பூரா கமாவை இங்கிருந்து எடுத்து அங்க வைப்பார், அங்கிருந்து எடுத்து இங்க வைப்பார். தங்கமான மனுஷன்."

"ஆளே வரலைன்னா பூட்டிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு ரெண்டு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்காரணும்?"

"உட்கார்ந்துதான் ஆகணும். பன்னிரண்டு வரைன்னு நோட்டீஸ் ஒட்டினா பன்னிரண்டு வரை. ரெக்கார்டரையும் நிறுத்தக் கூடாது. கடைசி நிமிஷத்துல ஒருத்தன் மூச்சிறைக்க ஓடி வருவான் பாரு, அவனுக்காக. அவன் பேசினா முடிஞ்சது கதை. கோடிப் பேர் பேசினாலும் சரி, ஒருத்தன் பேசினாலும் சரி, ஒவ்வொண்ணுக்கும் துறை எழுத்துல பதில் சொல்லணும். அதுக்கப்புறம்தான் கமிஷனர் கையெழுத்து, அரசிதழ் எல்லாம். ஒரே ஒருத்தனுக்குப் பதில் விட்டுப்போனாலும் அந்த விதி செல்லாது."

"அப்போ அத்தான் அன்னைக்குப் பேசியிருந்தா?"

"விதியே செல்லாது. உங்க அத்தான் மட்டும் கூண்டுல நிக்க மாட்டார். வேன் முதலாளியும் நிக்கணும், இந்தத் துறையும் நிக்கணும்."

அந்த ஒரு நம்பிக்கையில்தான் இருவரும் மௌனத்தைக் கேட்க ஆரம்பித்தார்கள். மௌனம் என்று பெயர்தானே தவிர, அதற்குள் ஒரு சந்தையே இருந்தது. மின்விசிறி முனகியது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். கூட்ட அறைக்கு அடுத்தாற்போல் ஓட்டுநர் தேர்வு மைதானம் இருப்பதால், கற்றுக்குட்டிகள் கியரை அரைக்கிற ஓசை ஓயவே இல்லை. விசில் சத்தம் வேறு. பாதிக்கு மேல் ஓடியபோது 'டமார்' என்று ஒரு சத்தம். உடனே ஒரு தடித்த குரல் அலறியது. "யோவ், அந்த டிரம் உனக்கு என்னய்யா துரோகம் பண்ணுச்சு?" நாய் ஒன்று இரண்டு முறை குரைத்தது.

ஹாரன் களுக்கென்று சிரித்துவிட்டாள். அத்தனை கவலையிலும் அவளால் அடக்க முடியவில்லை. ஆவண அறை அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

மீண்டும் முனகல், மீண்டும் கியர். கொஞ்ச நேரம் போயிற்று. 'டமார்.' "யோவ், அந்த டிரம் உனக்கு என்னய்யா துரோகம் பண்ணுச்சு?" நாய் இரண்டு முறை குரைத்தது.

"இன்னொருத்தனுமா? இன்னைக்கு அந்த டிரம்முக்கு ஜாதகம் சரியில்லை சார்," என்றாள் ஹாரன். சொல்லிக்கொண்டே திரும்பியவள் பிரேக்கின் முகத்தைப் பார்த்து வாயை மூடினாள். அவர் சிரிக்கவில்லை. ஒலிப்பதிவைப் பின்னால் தள்ளி முதல் டமாரைக் கேட்டார். முன்னால் தள்ளி இரண்டாவதைக் கேட்டார். மறுபடி முதலாவதை.

"வா, மைதானத்துக்குப் போலாம்," என்றார்.

மைதானத்தில் வெயில் காய்ந்தது. வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தும் தேர்வுக்காகத் தரையில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் மூலையில், எல்லை தெரிவதற்காக ஒரு பெரிய கல். தேர்வு நடத்தும் ஆய்வாளர் குடையின் கீழ் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விசில், தொண்டையில் கரகரப்பு. பிரேக்கைப் பார்த்ததும் எழுந்து தோளில் தட்டினார். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"மூலையில டிரம் வைக்கிறதுதானே வழக்கம்? என்ன கல்லை வெச்சிருக்கே?" என்றார் பிரேக்.

"அந்த வயித்தெரிச்சலை ஏன் கேட்கறே. இருந்தது ஒரே டிரம். ஒரு மகராசன் ரிவர்ஸ்ல வந்து இடிச்சான், மேலேயிருந்து கீழே வரைக்கும் பிளந்துபோச்சு. அதோ பார்." மதில் ஓரத்தில் வாயைப் பிளந்தபடி ஒரு தகர டிரம் கிடந்தது. "அப்பவே உருட்டிக் கொண்டுபோய்ப் போட்டுட்டுக் கல்லை வெச்சேன். புது டிரம் கேட்டு எழுதினேன். இன்னும் வரலை. என் ரிட்டயர்மென்ட்டுக்கு மாலையா வரும்போல."

"என்னைக்கு உடைஞ்சதுன்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. பக்கத்துல பள்ளி வேன் கூட்டம் நடந்த அன்னைக்குத்தான். பியூன் வந்து, உள்ளே கருத்துக் கேட்பு நடக்குது, சத்தம் போடாதீங்கன்னு சொல்லிட்டுத் திரும்பறான், டமார்! அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான் பாரு, நானே இடிச்ச மாதிரி."

"அதுக்கப்புறம் அன்னைக்கு வேற யாராவது டிரம்மை இடிச்சாங்களாங்க?" என்று கேட்டாள் ஹாரன்.

"டிரம்மே இல்லையேம்மா, எதை இடிப்பாங்க? கல்லை இடிச்சா வண்டியில்ல நசுங்கும்?"

கொஞ்சம் தள்ளி வந்ததும் ஹாரன் பிரேக்கின் முன்னால் போய் நின்றுகொண்டாள். "உடைஞ்ச டிரம் ரெண்டாவது தடவை எப்படி சார் உடையும்?"

"உடையாது. முதல் தடவை ஓடின மௌனத்தையே எடுத்து இன்னொரு இடத்துல ஒட்டியிருக்காங்க. ஒட்டின இடத்துல வேற ஏதோ இருந்திருக்கு."

"அத்தான் பேசினது!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மனதின் ஓர் ஓரத்தில் அத்தான் பொய் சொல்கிறாரோ என்ற சந்தேகம் ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்தது. அக்காவிடம்கூட அதைச் சொல்லவில்லை. அது இப்போதுதான் விலகியது. "மேலிடத்து வேலைதான் சார். ஆள் விட்டு வெட்டியிருக்காங்க."

"வெட்டறதுக்குன்னே வர்றவன் வெட்டிட்டுப் போயிட்டே இருப்பான். கூட்டம் சீக்கிரமே முடிஞ்சதுன்னு ஒரு வரி எழுதினா யார் கேட்கப்போறா? இதை வெட்டினவர் வெட்டின நேரத்தை அளந்து, அதே அளவுக்கு மௌனத்தைத் தேடி எடுத்து, ஒட்டுப்போட்டிருக்கார். நோட்டீஸ்ல பன்னிரண்டு வரைன்னு போட்டா பதிவும் பன்னிரண்டு வரை ஓடணும், ஒரு நிமிஷம் குறையக் கூடாதுன்னு நினைக்கிறவர். தப்பு பண்ணும்போதுகூட விதியை மீற மனசு வராதவர். இந்தக் கட்டடத்துல அப்படி ஒருத்தர்தான் இருக்கார்."

"தங்கமான மனுஷன்னீங்களே?"

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார் பிரேக்.

கூட்ட அறையின் கதவில் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சரக்கு வண்டிகளின் பின்புறம் ஒட்டவேண்டிய சிவப்புப் பட்டையின் அகலம் குறித்த வரைவு விதி. கருத்துக் கேட்பு இன்று பிற்பகல். உள்ளே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். மேடையென்று சொல்ல முடியாத ஓர் உயரத்தில் மேஜை, தண்ணீர் ஜாடி, சிவப்பு விளக்கு எரியும் ரெக்கார்டர். அதற்குப் பின்னால் ஒல்லியான மனிதர் ஒருவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

ஆள் வந்ததைக் கண்டதும் கமாவின் முகம் மலர்ந்துபோனது. "வாங்க, வாங்க. முன்னாடி வந்து உட்காருங்க. பேரைச் சொல்லிட்டுப் பேசலாம். சொல்ல விருப்பமில்லைன்னா பொதுமக்களில் ஒருவர்னு பதிவு பண்ணிக்கலாம்." பிறகுதான் வந்திருப்பது யார் என்று பார்த்தார். மலர்ந்தது சட்டென்று வாடியது.

பிரேக் முதல் வரிசையில் உட்கார்ந்தார். "பொதுமக்களில் ஒருவர். சிவப்புப் பட்டையைப் பத்தி எனக்கு ஒரு கருத்தும் இல்லை சார். பக்கத்து மைதானத்து டிரம்மைப் பத்தித்தான் பேச வந்தேன்."

"அது இன்னைக்கு விவாதப் பொருள் இல்லையே."

"பொருளுக்குச் சம்பந்தமில்லாம பேசினாலும் பதிவாகணும். இல்லையா?"

"ஆகணும்," என்றார் கமா. குரல் உள்ளே போயிருந்தது.

"பள்ளி வேன் கூட்டத்தன்னைக்கு அந்த மைதானத்துல இருந்தது ஒரே டிரம். அது ஒரு தடவை உடைஞ்சது. உங்க பதிவுல ரெண்டு தடவை உடையுது."

கமாவின் கை ரெக்கார்டரை நோக்கி நகர்ந்தது. ஹாரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தாள். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், இங்கே பேசியது எதற்கும் சாட்சி இல்லை. அத்தானின் வாழ்க்கை அந்த விரல் நுனியில் இருந்தது. கை பாதி வழியில் நின்றது. கமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் முடியவில்லை. கையைத் திரும்ப இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் செஞ்சேன்," என்றார்.

"யார் சொல்லி சார்? கமிஷனரா? வேன் முதலாளியா?" ஹாரன் எழுந்தே விட்டாள்.

"யாரும் சொல்லலைம்மா. பேசினவரே வந்து கேட்டார்."

ஹாரனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுநாள் காலையில வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் பேசினதை எடுத்துடுங்க சார், எனக்குக் குடும்பம் இருக்குன்னார். ஒரு தடவை பேசினதை எடுக்க முடியாது, வாபஸ்னு வேணும்னா இன்னொண்ணு பதிவு பண்ணலாம்னு சொன்னேன். அதுவும் வேண்டாம், நான் வந்ததே தெரியக் கூடாதுன்னு அழுதார்."

"அழுதா எடுத்துடுவீங்களா? எத்தனை பேர் அழறாங்க, அவங்க பேர்ல இருக்கற கேஸையெல்லாம் எடுத்துடறீங்களா?"

பிரேக் அவளைப் பார்வையாலேயே உட்காரவைத்தார். "சார், அவர் அழுதது மட்டும் காரணம் இல்லைன்னு நினைக்கறேன்."

கமா தண்ணீர் ஜாடியை ஓரமாக நகர்த்தி வைத்தார். மின்விசிறி முனகியது. "இல்லை," என்றார் கடைசியில். "அவர் ஒரு கேள்வி கேட்டார். அதுக்குத் துறை சார்பா பதில் எழுத வேண்டியது நான். கூட்டம் முடிஞ்சு சாயங்காலம் பூரா உட்கார்ந்து எழுதினேன். எழுதறதும் அடிக்கறதுமா இருந்தேன். எப்படி எழுதினாலும் அது பதிலா வரலை. அவர் கேட்டது சரி, அவ்வளவுதான். அப்படின்னு எழுதினா வரைவையே திரும்ப வாங்கணும், மேலே யார் முகத்துல முழிக்கறது? மறுநாள் அவரே வந்து எடுத்துடுங்கன்னு நின்னப்போ எனக்குப் பாவமாவும் இருந்தது, அப்பாடான்னும் இருந்தது. பாவம்னு மட்டும் நினைச்சுக்கிட்டேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல யாரோட வார்த்தையையும் நான் தொட்டதில்லை."

அதைக் கேட்டபோது ஹாரனுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும் என்று இருந்தது. முழுசாக வரவில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இப்போ ஓடிக்கிட்டிருக்கிற இந்தப் பதிவை என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டார் பிரேக்.

"நாளைக்குக் காலையில நானே கோர்ட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கறேன். வேலை போகும். போகட்டும்." கமா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "இப்போ நான் வர முடியாது. இன்னும் நேரம் இருக்கு. யாராவது வரலாம்."

வெளியே வந்ததும் ஹாரன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜெயிச்சுட்டோமில்ல சார்? எதுக்கு எழவு வீட்டுக்குப் போயிட்டு வர்றவர் மாதிரி நடக்கறீங்க?"

"பாதி ஜெயிச்சிருக்கோம். விதி போயிடும். ஆனா அரசாங்க வக்கீல் சும்மா இருப்பாரா? 'ஆபத்துன்னு இந்த ஆளுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும், பேசினதை அழிக்கச் சொல்லிட்டு, தனியா வேனை எடுத்திருக்கான்'னு திருப்பிப் போடுவார். எதுக்காக அழிக்கச் சொன்னார்னு யாராவது சொல்லணும்."

"அத்தான் சொல்லட்டுமே."

"அவர் சொல்ல மாட்டார். போலீஸ்ல இத்தனை நாளா சொல்லலையே. பேசினேன்னு மட்டும்தான் சொல்லியிருக்கார். யாரையோ காப்பாத்தறார்." பிரேக் நடையை நிறுத்தினார். கார் பத்தடி தூரத்தில் நின்றது. "நம்ம வக்கீல் என்ன சொன்னார்? உங்க அத்தான் பேச்சைப் பதிவே பண்ணலைன்னார். பேப்பர்ல என்ன வந்தது? டிரைவர் புளுகறார்னு வந்தது. அழிச்சாங்கன்னு நமக்கே பதிவுல டிரம் ரெண்டு தடவை உடைஞ்ச பிறகுதான் தெரியும். உங்க அக்கா காலையிலேயே என்ன சொன்னாங்க?"

ஹாரன் காரைத் திரும்பிப் பார்த்தாள். "அழிச்சுட்டாங்கன்னு... அத்தான் சொல்லியிருப்பார் சார்."

"சொல்லியிருந்தா, தானே போய் அழிக்கச் சொன்னதையும் சேர்த்துத்தானே சொல்லியிருப்பார்? அதை ஏன் நம்மகிட்ட மறைச்சாங்க? இவ்வளவு தூரம் வந்துட்டு, காரை விட்டு ஏன் இறங்கலை? கமா கண்ணுல பட்டா அடையாளம் தெரிஞ்சுடும்னுதானே?"

காரின் கதவைத் திறந்து ஹாரன் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அக்கா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"நான்தான்டி போகச் சொன்னேன்," என்றாள். "கூட்டத்துல அவர் பேசினது அன்னைக்கே முதலாளி காதுக்குப் போயிடுச்சு. நாளைக்கு வந்து சாவியைக் கொடுத்துட்டுப் போ, வேற எந்த வேனும் உனக்குக் கிடைக்காத மாதிரி பண்ணிடுவேன்னு போன்ல கத்தினான். இவர் போனா போகுதுன்னார். நான்தான் விடலை. பிள்ளைங்களை வெச்சுக்கிட்டுத் தெருவுல நிக்கணுமா, ஊருக்கெல்லாம் நீங்க ஒருத்தர்தான் நியாயம் பேசணுமான்னு கத்தினேன். மறுநாள் நானே இழுத்துட்டு வந்தேன். அந்த ஆபீசர் ரூம் வாசல்ல நின்னு, அவர் உள்ளே போறாரான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லலை?"

"எப்படிடி சொல்லுவேன்? அவர் பேசினது மட்டும் கிடைச்சாப் போதும், நான் பண்ணினது வெளியே வராதுன்னு நினைச்சேன்."

ஹாரனுக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டில் எதைச் செய்வதென்று தெரியாமல் அக்காவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அக்காவின் இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கப் பார்த்தாள். அதற்கும் மனம் துணியவில்லை.

பிரேக் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே பேசினார். "நாளைக்கு நீங்க கூண்டேறி இதைச் சொன்னா முதலாளி மாட்டுவான். உங்க வீட்டுக்காரர் மிரட்டலுக்குப் பயந்துதான் செஞ்சார்னு ஆகும். ஆனா உங்களை நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கம்மா. அதையும் யோசிச்சுக்கங்க. யாரும் வற்புறுத்த மாட்டோம்."

"சொல்றேன் சார்." அக்கா கண்ணைத் துடைத்தாள். "ஆனா கோர்ட்ல போய் அந்தக் குழந்தையோட அம்மா திடீர்னு கேட்கக் கூடாது. முதல்ல அவங்ககிட்ட சொல்லணும். இப்பவே ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டு இரண்டாவது மாடியில் இருந்தது. வராந்தாவில் நீள பெஞ்சு. அதில் குழந்தையின் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பல நாள் ஆகியிருந்தது. மடியில் குழந்தையின் பள்ளிக்கூடப் பை. டிரைவரின் பெண்டாட்டி என்று தெரிந்ததும் அவள் முகம் இறுகிற்று. போ என்று சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. அக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளி மிரட்டியது, தான் கத்தியது, வாசலில் நின்று காவல் காத்தது, ஒன்றையும் விடவில்லை. ஹாரன் சுவரோரமாக நின்றாள். பிரேக் மாடிப்படியிலேயே நின்றுவிட்டார்.

குழந்தையின் அம்மா தலை குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் நிமிர்ந்தாள். "அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் அங்க என்ன பேசினார்?"

அக்கா திகைத்தாள். இதுவரை அதை யாருமே கேட்டிருக்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை. சொந்தத் தங்கையும் கேட்கவில்லை. பேசினாரா இல்லையா என்பதிலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"எனக்கு மனப்பாடம்மா. முதல் நாள் வீட்டுல என்னை உட்காரவெச்சுப் பேசிப் பேசிப் பார்த்தார்," என்றாள் அக்கா. பிறகு அவர் பேசியபடியே சொன்னாள். "ஐயா, நான் சின்ன வேன் ஓட்டறவன். பெரிய வேனுக்கு ஹெல்பர் வேணும், சின்ன வேனுக்கு வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. வேன்தான் ஐயா சின்னது. பிள்ளைங்க எல்லா வேன்லயும் ஒரே உயரம்தான். பின்னாடி வந்து நின்னாங்கன்னா எந்தக் கண்ணாடியிலயும் தெரிய மாட்டாங்க. கூட ஓர் ஆள் இறங்கி நின்னு தட்டினாத்தான் நான் நம்பி வண்டியை நகர்த்துவேன். அந்த ஆளை நீங்க எடுத்துட்டீங்கன்னா, என் பின்னாடி யார் நிக்கறாங்கன்னு எனக்கு யார் ஐயா சொல்லுவாங்க?"

வார்டுக்குள்ளிருந்து ஒரு நர்ஸ் வெளியே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அதுக்கு அவங்க என்ன பதில் சொன்னாங்க?" என்று கேட்டாள் குழந்தையின் அம்மா.

"பதில் எழுத உட்கார்ந்தாங்களாம், இப்பத்தான் கார்ல கேள்விப்பட்டேன்மா. அதுக்குள்ள கேள்வியையே எடுக்கச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினது நான்தான்."

குழந்தையின் அம்மா பள்ளிக்கூடப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். வார்டுக் கதவு வரை போனாள். கதவில் கை வைத்தபடியே நின்றாள்.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு நானும் வர்றேன்," என்றாள். "யார் பக்கம் நிக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை. நீங்க இப்போ சொன்னதை ஒரு வார்த்தை விடாம அங்கேயும் சொல்லுங்க. நான் உட்கார்ந்து கேட்கணும்."